மருதாணி என்று சொன்னேன்

இந்தத் தேநீரில் சீனி அதிகம், இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன். குறையாகச் சொல்லவில்லை. கோலசிலாங்கூரில் எந்தக் கடையில் வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும். டின் பாலை அரை டம்ளருக்குக் கவிழ்த்துவிட்டு மேலே சாயத்தை ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் குடித்துப் பழக்கமில்லை. அப்பா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிராணி, தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் கையில். தேநீர் கெண்டியில் வரும், சீனி தனிக் கிண்ணத்தில் வரும், வேண்டியவர்கள் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார்கள். லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது அலட்டலாகத் தெரியும். நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. டம்ளரைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிகிறது.

வள்ளியம்மாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. மறைப்பது பயந்தவர்கள் செய்கிற வேலை. பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிற தம்பியை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். மருத்துவச் சொற்கள் வரும். அவர் தப்பும் தவறுமாக எழுதி வைத்தால் படிக்கிறவர்கள் நான் அப்படிப் பேசினேன் என்று நினைப்பார்கள்.

டாக்டர் சிவானந்தத்தின் மருத்துவமனையில் நான் தலைமைத் தாதி. உள்ளே இருப்பவர்களுக்கு சிஸ்டர் முரியல். தோட்டத்து ஜனங்களுக்கு மிஸ்ஸி. அவர்களுக்கு வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோரும் மிஸ்ஸிதான். டாக்டர் அரசாங்க வேலையை விட்டு வந்து சில கட்டில்களோடு இதைத் தொடங்கிய நாளிலிருந்து நான் இருக்கிறேன். சுற்றிலும் உள்ள தோட்டங்கள் தங்கள் ஆட்களை எங்களிடம் அனுப்பும். குடல்வால், கர்ப்பப்பை, சிக்கலான பிரசவம். கத்தியை வைக்கிறவர் அவர். மற்றதெல்லாம் நான்.

போன வருடம் அந்த மிஷின் வந்தது. பழைய ரேடியோப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்று. அதை நோயாளியின் விரலில் மாட்டினால், உள்ளே ஒரு சிவப்பு வெளிச்சம் விரலை ஊடுருவிப் பார்த்து, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று நம்பர் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேலே என்றால் கவலையில்லை. தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் எழுந்து போக வேண்டும். பக்கத்திலேயே நாடித்துடிப்பின் கணக்கும் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம். பிராணவாயு குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். நான் சிறு வயதிலிருந்து மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். மற்றவர்கள் கிட்டப் போய் நம்பரைப் பார்த்துச் சொல்வதை நான் அறையின் மறுகோடியில் நின்றபடியே காதால் சொல்லிவிடுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை என்று நாளைக்கு எந்த வக்கீலாவது சொன்னால் நம்பாதீர்கள்.

மிஷினைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் டை கட்டியிருந்தான். தன் விரலில் மாட்டினான், டாக்டர் விரலில் மாட்டினான், இரண்டு பேருக்கும் அழகாக நம்பர் வந்தது. கைதட்டாத குறை. ஆபீசில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற விரலுக்கு எந்த மிஷினும் வேலை செய்யும். எங்களிடம் வருகிற விரல்களை அவன் எங்கே பார்த்தான்? ரப்பர்ப் பால்மரம் வெட்டி வெட்டித் தோல் காய்த்துப்போன விரல்கள். ஆபரேஷன் அறைக் குளிரில் ஐஸ் கட்டியாகி வெளியே வருகிற விரல்கள். மாட்டினால் கோடு கோடாக வரும், அல்லது ஒன்றுமே வராது. நான்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். குளிர்ந்த கையைத் துவாலையில் சுற்றிச் சூடாக்கினால் நம்பர் வரும். மத்தியானம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் கிளிப்பின்மேல் விழுந்தால் மிஷின் குழம்பும். ஒரு துணியைப் போட்டு மூடினால் சரியாகிவிடும். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிய கையிலேயே இதையும் மாட்டினால், பட்டை இறுகும்போதெல்லாம் நம்பர் செத்துவிடும். ஒருமுறை ஆயா திலகம் கட்டிலை நகர்த்தும்போது சக்கரத்தை வயர்மேல் ஏற்றிவிட்டாள். அதற்கும் மிஷின் சரியில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

ஆனால் என் பெயர் சொல்லும் கண்டுபிடிப்பு மருதாணி. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் நகப்பூச்சைக் கழற்றச் சொல்லி ஒரு வரி இருந்தது. நகப்பூச்சா! எங்கள் பெண்கள் நகப்பூச்சுக்கு எங்கே போவார்கள்? ஏழாம் மாதம் ஒன்பதாம் மாதம் வளைகாப்பு நடத்தி, விரல் நுனிகளில் தொப்பி போட்டதுபோல் மருதாணியை அப்பி, அது காய்ந்து கறுத்துச் சிவந்த கைகளோடு பிரசவத்துக்கு வந்து சேருவார்கள். வெளிச்சம் எப்படி ஊடுருவும்? அப்படி ஒருத்திக்கு நம்பர் வராமல் டாக்டரும் மயக்கம் கொடுக்கிற டாக்டரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, நான் கிளிப்பைக் கழற்றி அவளுடைய காது மடலில் மாட்டினேன். நம்பர் வந்தது. டாக்டர் சிவானந்தம், "சிஸ்டர், யூ ஆர் அ ஜீனியஸ்," என்றார். அந்த வார்த்தையை அவர் வேறு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கிள்ளானில் நடந்த டாக்டர்கள் கூட்டத்திலும் இதைச் சொன்னாராம். என் பெயரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அதற்குப் பிறகு ரமணி வந்தாள்.

ரமணியை நீங்கள் விசாரித்துவிட்டீர்கள்; அழுதிருப்பாள். அசாம் ஜாவா பக்கம் ஏதோ ஒரு தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்த பெண். அவளுடைய அப்பா ஆட்களை மேய்க்கிற மண்டோர்கூட இல்லை, களைக்கு மருந்தடிக்கிற வெறும் ஆள். தாதிப் படிப்பு முடித்துச் சான்றிதழோடு வந்தாள். வந்த புதிதில் என் முன்னால் உட்காரமாட்டாள். அதை மரியாதை என்று நான் நினைத்தது என் தப்பு. அவள் நின்றபடியே அந்த மிஷின் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துக்கொண்டிருந்தாள்.

தங்கமணி என்று ஒருத்தி. பிரசவம் சிக்கலாகி வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தோம். கை நிறைய மருதாணி. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது நம்பர் எண்பத்தைந்துக்கு இறங்கியது. நான் பார்த்தேன், மருதாணி என்று சொன்னேன். அன்றைக்கு உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒரு தடவை என்னை நீங்கள் மன்னிக்கலாம். ரமணி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினாள். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"சிஸ்டர், மிஷின் காட்டுற நாடியும் நான் எண்ணுற நாடியும் ஒன்னாத்தான் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போனா மிஷின் சரியாத்தான் புடிக்குதுன்னு புக்குல போட்டிருக்கு. இது மருதாணி இல்ல சிஸ்டர். நெஜமாவே கொறையுது."

சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் ஆக்ஸிஜனைத் திறந்தாள், தங்கமணியின் முகவாயைத் தூக்கிப் பிடித்தாள், பெயர் சொல்லித் தட்டினாள். நம்பர் ஏறியது. சத்தத்தின் சுருதியும் ஏறியது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தங்கமணியின் மாமியார் ரமணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், "மருதாணிய பாத்தது போதும், இனிமே ஆள பாப்போம்," என்றார். அந்த அறையிலிருந்த அத்தனை லயத்து ஜனங்களும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்கு என்ன புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. பச்சையாகவே சொல்கிறேன், வயிறு எரிந்தது. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான், எனக்கு நாடி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது. அடுத்த மாதமே டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் ஆபரேஷன் முடிந்தவர்களை வைக்கிற அறை ரமணியின் பொறுப்பாம். மிஷினும் அவள் பொறுப்பாம். நான் முன்வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பதிவு செய்து டோக்கன் கொடுக்கலாமாம். "ஒங்களுக்கும் வயசாவுது சிஸ்டர், கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாரி இருக்கும்," என்றார். கிராணி மகள் முன்வாசலில் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பதை அவர் ஓய்வு என்று நினைத்தார்.

மாதம் முடியட்டும், புது ஏற்பாட்டை அப்போது தொடங்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

அந்த மாதத்தில்தான் வள்ளியம்மா வந்தாள். அவள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவளை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அண்ணன்காரன் ராஜு கூட வந்திருந்தான், லோரி ஓட்டுகிறவன். சம்மதக் கையெழுத்தும் அவன்தான் போட்டான். புருஷனைக் காணோம். எங்கேயாவது சம்சு குடித்துவிட்டுக் கிடப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஜனங்களில் பத்துக்கு எட்டு அப்படித்தான், கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. பல வருடங்களாக அவர்களோடுதான் என் பிழைப்பு. அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நகைகளைக் கழற்றுவது, பொட்டை அழிப்பது, தாலியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவது எல்லாம் சின்னத் தாதிகளின் வேலை. என்னிடம் வரும்போது எல்லோரும் பச்சை அங்கி போட்டு, தலையில் துணி கட்டி ஒரே மாதிரி இருப்பார்கள். வள்ளியம்மாவும் அப்படித்தான் படுத்திருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். தள்ளுகட்டில் நகரும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மிஸ்ஸி, நான் கண்ணு முழிக்கும்போது நீங்க பக்கத்துல இருப்பீங்களா? எனக்கு ஒரே பயமா இருக்கு மிஸ்ஸி."

"இருப்பேன்," என்றேன்.

நான் வாக்குத் தவறவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் கிள்ளானுக்குத் திரும்பிப் போய்விட்டார். டாக்டர் சிவானந்தம் சாப்பிட மாடிக்குப் போனார். அவர் வீடு மேலேதான். வலிக்கு ஊசி போட்டிருந்தது. அந்த ஊசி சில பேருக்கு மூச்சை மந்தமாக்கும், தூங்குகிறவர்கள் மூச்சுவிடவே சோம்பல்படுவார்கள். அதனால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும், மிஷின் வேண்டும். ரமணி கட்டிலருகே இருந்தாள். நான் ஜன்னலோரம் துவைத்து வந்த துணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சுருதி இறங்கத் தொடங்கியது. ரமணி நம்பரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

"சிஸ்டர், எறங்குது லா. எய்ட்டி எய்ட் காட்டுது."

"கிளிப்பச் சரி பண்ணு," என்றேன்.

"பண்ணிட்டேன் சிஸ்டர். கையும் சூடாத்தான் இருக்கு. நாடியும் ஒத்துப்போவுற மாரிதான் தெரியுது. ஒருக்கா நீங்களும் எண்ணிப் பாருங்க."

அவளுடைய விதிப்படியே செய்தேன். போர்வையை விலக்கி வள்ளியம்மாவின் கையை எடுத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, என் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோம்பேறித்தனம் என்னிடம் கிடையாது. நூற்று நான்கு. மிஷினும் நூற்று நான்கு என்றது. ஒன்றுகூடக் கூடுதல் குறைச்சல் இல்லை. அப்படியென்றால் எண்பத்தெட்டு என்பதும் உண்மை. அது எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

"ஒத்துவரல," என்றேன். "எனக்கு நாடி எம்பத்தாறுதான் வருது. மருதாணி. கிளிப்ப என்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்."

"சிஸ்டர், இவங்க கையில..."

"நான் பேசும்போது குறுக்க பேசாத. ஒன்பதாம் கட்டிலுக்குக் கட்டு மாத்தணும். போ."

அவள் உடனே போகவில்லை. கட்டிலின் தலைமாட்டிலிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். போவாள் என்று எனக்குத் தெரியும். கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்களின் பேத்தி. எத்தனை சான்றிதழ் வாங்கினாலும், மேலேயிருந்து ஒரு குரல் வந்தால் கால் தானாக நகரும்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் திட்டம் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். எனக்கு அது ஒரு பாடம் நடத்துவது மாதிரிதான் இருந்தது. நான் கிளிப்பை வள்ளியம்மாவின் விரலிலிருந்து எடுத்து என் விரலில் மாட்டிக்கொண்டேன். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். வயர் போர்வைக்குள்ளே போவது மட்டும்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மிஷின் உடனே தொண்ணூற்றெட்டு காட்டியது. எனக்கு எப்போதும் தொண்ணூற்றெட்டுதான்.

டாக்டர் சாப்பிட்டு முடித்ததும் இறங்கி வந்து பார்ப்பது வழக்கம். அவர் வரும்போது மிஷின் தொண்ணூற்றெட்டு என்று பாடிக்கொண்டிருக்கும். வள்ளியம்மாவின் உதடு நீலம் பாரித்திருக்கும். நான் எழுந்து சொல்வேன்: "டாக்டர், ஒங்க மிஷின் நல்லா இருக்காங்குது. இவ ஒதட்டப் பாருங்க." சொல்லிவிட்டு ஆக்ஸிஜனைத் திறந்து, முகவாயைத் தூக்கி, அவளை எழுப்பிவிடுவேன். மிஷினும் பொய், அதை மாட்டிய பெண்ணும் தற்குறி, கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு முரியல் வேண்டும் என்று அவர் தெரிந்துகொள்வார். அவ்வளவுதான். யாரும் சாக வேண்டிய அவசியமே அதில் இல்லை.

டாக்டர் வந்தார். வாசற்படியில் நின்றார். பல் குத்திக்கொண்டிருந்தார். நம்பரைப் பார்த்தார்.

"நைன்ட்டி எய்ட். குட், குட். ரமணி செட் பண்ணிட்டுப் போனாளா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு கைபட்டா மிஷினே ஒழுங்கா பாடுது லா சிஸ்டர்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவளின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. எவ்வளவு படித்த மனிதர், இன்ஸ்பெக்டர்! வெளிநாடுவரை போய்ப் படித்தவர். ஒரு முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, நம்பரைப் பார்த்தால் போதும். நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

கூப்பிட்டிருக்கலாம். அவருடைய செருப்புச் சத்தம் நடையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கூப்பிடாமலே நானும் செய்திருக்கலாம். சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கன்னத்தில் தட்டிப் பெயர் சொல்லியிருந்தால்கூட அவள் ஒரு பெருமூச்சு விட்டிருப்பாள், கொஞ்சம் தேறியிருப்பாள். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. தெரியாமல் செய்துவிட்டாள், பாவம், வயதானவள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசுவதை நான் விரும்பவில்லை. அந்தப் பகுதியில் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

ஆனால் அவளை எழுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் கண்ணைத் திறப்பாள், அண்ணன்காரன் வந்து கும்பிடுவான், எல்லோரும் ரமணியைக் கும்பிடுவார்கள். அந்தப் பெண் கை பட்டால் மிஷினே பாடுகிறதே. மாதம் முடிந்ததும் நான் முன்வாசலுக்குப் போவேன். இதற்காகவா நான் கையைப் போர்வைக்குள் விட்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? நான் எழுந்திருக்கவில்லை. வள்ளியம்மாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது, பிறகு இடைவெளி நீண்டது. மிஷின் மட்டும் நல்ல சுருதியில், ஒரே சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என் நாடிதான். அதை அவ்வளவு நேரம் நிம்மதியாகக் கேட்கிற வாய்ப்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு கிளிப்பைக் கழற்றி, போர்வைக்கு அடியிலேயே தடவி அவள் விரலில் மாட்டிவிட்டு மணியை அடித்தேன். டாக்டர் ஓடிவந்தார், ரமணி ஓடிவந்தாள், நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். நானும் கூடமாட உதவினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வெளியே மரத்தடியில் ராஜு வெற்றிலை மென்றுகொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

வள்ளியம்மாவை மூடி எடுத்துப் போன பிறகு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, "நான் பாத்தேனே, நைன்ட்டி எய்ட் இருந்துச்சே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மருதாணி விரலில் மாட்டினால் மிஷின் பொய் நம்பர் காட்டும், இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அந்தப் பெண் கேட்கவில்லை, மருதாணி விரலிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டாள் என்றேன். ரமணி அழுதுகொண்டே, "இல்ல டாக்டர், எனக்கு எய்ட்டி எய்ட் காட்டுச்சு, நான் சிஸ்டர்கிட்ட சொன்னேன்," என்றாள். தொண்ணூற்றெட்டைத் தன் கண்ணால் பார்த்தவர் அதை எப்படி நம்புவார்? அவளை மேற்கொண்டு பேசவும் விடவில்லை. அன்று சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சான்றிதழைப் பறிக்க மேலிடத்துக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். காரியமெல்லாம் முடிந்து ராஜு டாக்டரைப் பார்க்க வந்தான். சண்டை போட வரவில்லை. சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டான். டாக்டர் அவனை உட்காரச் சொல்லி, நான் சொன்னதையே அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஒங்க தங்கச்சி கையில மருதாணி இருந்துச்சு. அதனால மிஷின் தப்பா காட்டிருச்சு. யாரும் வேணும்னு பண்ணல."

ராஜு கட்டியிருந்த கையைப் பிரித்தான். பிறகு கேட்டான்.

"யாரு கையில, டாக்டர்?"

"ஒங்க தங்கச்சி கையில."

"எந் தங்கச்சி புருஷன் வீரன், லோரி கவுந்து செத்து மூணு வருஷம் ஆச்சு, டாக்டர். தாலியறுத்தவளுக்கு எவ மருதாணி வப்பா? எங்க பொம்பளைங்கதான் குளிப்பாட்டுனாங்க. வெறுங்கை. ஒரு சொட்டுச் செவப்பு இல்ல."

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடங்களில் அவர் என்னை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு டெலிபோனை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

விதவை மருதாணி வைக்கமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று காலையில் கேட்டீர்கள். என்ன கேள்வி இது? எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வேதக்காரி என்பதால் தெரியாது என்று நினைத்தீர்களா? அவர்களுடைய சடங்கு, சீர், தீட்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. ரமணி அன்றைக்கு "இவங்க கையில" என்று தொடங்கியது எதைச் சொல்வதற்கு என்றும் இப்போது புரிகிறது. முழுசாகச் சொல்லியிருக்கலாம், அவளுக்குத்தான் வாய் வரவில்லை. லயத்துப் பிள்ளைகளின் குணமே அதுதான், பாதியில் விழுங்கிவிடுவார்கள்.

நான் கொன்றேனா என்று கேட்டால், ஆமாம். உட்கார்ந்துகொண்டு கொன்றேன். அதில் எனக்குச் சங்கடமில்லை, நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் கவனிக்கவில்லை, அலட்சியமாக இருந்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள் இந்தத் தம்பி, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். நோயாளிகளைக் கவனிப்பதில் என்மேல் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. அவள் கையை நான் ஒரு நிமிடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டர். அது எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாடி நூற்று நான்கு. அதில் தப்பே இல்லை.